ரோட்டையா பிறந்தநாளில் என் கையில் இருந்த மாலை

ஓய்வுபெற்றோர் மலருக்கு ஆளுக்கொரு அனுபவம் எழுத வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னபோது நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். பெரிய சீட்டில் இருந்தவர்கள் எழுதுவார்கள். நான் பெருக்கினேன், துடைத்தேன், டீ வாங்கி வந்தேன், தலைவர்கள் பிறந்தநாளுக்குப் படங்களை எடுத்துவைத்து மாலை போட்டேன். இதில் எழுத என்ன இருக்கிறது?

ஆனால் என் இடத்தில் இப்போது வேலை பார்க்கிற கவிதா விடவில்லை. ஆபீசில் படங்கள் வைத்திருந்த பழைய பீரோவைக் கழித்துக்கட்ட வராந்தாவில் போட்டிருக்கிறார்களாம். இப்போது பிறந்தநாள் என்றால் டிவி மாதிரி ஒரு திரையில் படம் வருகிறது, அதற்கு முன்னால் பூவைத் தூவினால் முடிந்தது என்றாள். அப்படியே ஒரு கேள்வியும் கேட்டாள்.

“யக்கா, அந்த பீரோவுல மேல் தட்டுல ‘ம’ன்னும் கீழ்த் தட்டுல ‘இ’ன்னும் பெயிண்ட்ல எழுதிக் கெடக்கே, என்னதுக்கா அது?”

“மேல மறைந்தவங்க. கீழ இருக்கிறவங்க.”

“ஆத்தாடி!” என்று கையை உதறினாள். “நான் அதுல டிபன் பாக்ஸ வச்சிருந்தேன்க்கா. இத நீங்கதான் எழுதணும். எழுதலேன்னா நானே எழுதிருவேன், தப்புந்தவறுமா.”

அவள் எழுதுவதற்கு நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். அதுவும் இலங்கையில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். எழுதப் போகிற விஷயமும் எனக்கே முழுதாக விளங்கினது கிடையாது. விளங்கின மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளில் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினபோது நாங்கள் கப்பல் ஏறி வந்தோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பெண் பிள்ளைகள். மண்டபத்தில் முகாம், அப்புறம் இந்த மலை. அவருக்குச் சவுக்குப் பட்டை உரிக்கிற வேலை கிடைத்தது. எனக்கு நாயுடுபுரத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் தினக்கூலிக்குப் பெருக்குகிற வேலை. கப்பலுக்குக் காகிதம் எழுதின ஆபீசர் என் பிறந்த தேதியைக் கேட்டார். தெரியாது என்றேன். “சரி” என்று அவரே ஒன்றைப் போட்டார். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் இருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். கிழவனுக்கும் அதுதான், மருமகளுக்கும் அதுதான். இப்படிப் பிறந்தநாள் இல்லாத ஒருத்தியிடம்தான் பெரிய மனிதர்களுடைய பிறந்தநாட்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கொடுத்தவர் மேனேஜர் தங்கவேலு சார். மெலிந்த ஆள். குளிருக்குக் காதை மூடித் தொப்பி, கழுத்தில் மப்ளர். ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசினது இல்லை. நம்மிடம் பேசும்போதுகூட மேசை மேல் இருக்கிற காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுவார். ஏதாவது முடிவு சொல்ல வேண்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றி மப்ளர் நுனியால் துடைப்பார். துடைத்து மாட்டுகிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சில நாள் அவர் ஒரு தரம் துடைத்து முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலமே படத்தை எடுத்துவிட வேண்டும். கண்ணாடியைத் திருநீறு போட்டு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர் பட்டால் மலை ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடித்து, தலைவர் முகத்தில் தேமல் விழுந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் முதுகில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், சார் கையெழுத்தில். பேர், பிறந்தது, மறைந்தது. மேல் தட்டுப் படம் என்றால் சந்தனம், குங்குமம், மாலை, விளக்கு, ஊதுபத்தி. இந்த வரிசை மாறக்கூடாது.

கீழ்த் தட்டுப் படம் என்றால் கதை வேறு.

“இருக்கிறவங்க படத்துக்குப் பொட்டு கெடையாது, வெளக்கு கெடையாது, மாலை கெடையவே கெடையாது. மாலை மனுசன் கழுத்துக்கு. படத்துக்கில்ல. இதுல தப்பு நடந்தா சாபம் விட்ட மாதிரி. தெரியுதா பாக்கியம்?”

தெரிந்தது. கீழ்த் தட்டுப் படங்களின் முதுகில் ‘மறைந்தது’ என்று எழுதி, பக்கத்தில் வெறுமையாக விட்டிருப்பார். அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டு வெறும் வீணையை மட்டும் வாசித்தால் தலைவர் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். சார் என் பக்கம் பார்க்காமலே பீரோச் சாவியை மேசை ஓரத்துக்குத் தள்ளுவார். நான் போய்க் கீழே இருந்த படத்தை மேலே ஏற்றுவேன்.

எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டேன்.

“சார், செத்தவங்களுக்கு நாங்க திதிதானுங்களே கும்பிடுவோம். செத்தப்பறம் பொறந்த நாள் எதுக்குங்க?”

கண்ணாடி கழன்றது. துடைத்தார். மாட்டினார்.

“அவங்க செத்ததால நமக்கு ஒண்ணும் ஆகல. பொறந்ததாலதான் ஆச்சு. போ, வெளக்குல எண்ணெய் இருக்கான்னு பாரு.”

அதை நான் பல நாள் யோசித்தேன். சரி போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

இப்போது ரோட்டையாவைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு காலத்தில் சட்டசபை உறுப்பினராக இருந்தவர். கிளாவரைப் பக்கத்துக்கு லாரி போகிற மாதிரி மண் ரோடு போடவைத்தவர். அதற்கு முன்னால் அங்கே விளைந்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் குதிரை முதுகில்தான் வரும். அதனால் அவர் சொந்தப் பேர் போய் ரோட்டையா என்றே ஆகிவிட்டது. பதவி போய் வெகுநாள் ஆகியும் ஐப்பசியில் அவருடைய பிறந்தநாளை எங்கள் ஆபீஸ் ஹாலில் வைத்துத்தான் செய்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டு, எல்லோருக்கும் கேசரி. ஐயா படம் ஒரு நாற்காலியில், மாலை ஒரு தாம்பாளத்தில். ஐயா வந்ததும் நான் தாம்பாளத்தை நீட்டுவேன், ஹாலில் வயதில் மூத்தவர் எடுத்து அவர் கழுத்தில் போடுவார்.

வருஷா வருஷம் வெள்ளகவியிலிருந்து பெரியகருப்பன் என்று ஒருவர் ஒற்றையடிப் பாதையில் ஏறி வருவார், தோளில் மலைவாழைத்தாரோடு. அவர்கள் ஊருக்கு ரோடு கிடையாது. தாரை ஐயா காலடியில் வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

“இந்த வருசமாவது ஆகுமாங்கய்யா?”

“வருதுய்யா, வருது” என்பார் ஐயா. எல்லோரும் சிரிப்பார்கள். பெரியகருப்பனும் சேர்ந்து சிரிப்பார்.

நான் சொல்ல வந்தது எண்பதுகளில் ஒரு வருஷத்துப் பிறந்தநாள். அப்போது எனக்கு ஏழு வருஷம் தினக்கூலி முடிந்திருந்தது. நிரந்தரம் செய்கிற பட்டியலில் என் பேரை எழுதி சார் மேலே அனுப்பியிருந்தார். “மார்கழி, தைக்குள்ள ஆர்டர் வந்துரும். அதுவரைக்கும் உம் மேல ஒரு பெராது வரக்கூடாது பாக்கியம்” என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்குப் பட்டைத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போய், பாதி நாள் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். அந்த ஆர்டர் வந்தால்தான் எங்களுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டு. அப்படித்தான் இருந்தது நிலைமை.

ஐயாவுக்கும் உடம்பு சரியில்லை. ஒரு வாரமாக மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆனால் பிறந்தநாளுக்குக் கட்டாயம் வந்துவிடுவார் என்று அவருடைய தங்கை மகன் சௌந்தரபாண்டி சொல்லி அனுப்பியிருந்தார்.

முந்தின நாள் காற்றும் மழையும். காலையில் கரண்ட் இல்லை, ரேடியோ பேசவில்லை. எங்கேயோ மரம் விழுந்து டெலிபோன் கம்பியும் போய்விட்டது. இருந்தாலும் நான் வெள்ளனே போய் ஹாலைப் பெருக்கிப் படத்தை வைத்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பின்கட்டில் கேசரிக்கு ரவை வறுக்கிற வாசனை. பத்து மணி போல, தாமதமாக வந்த பஸ்ஸின் கண்டக்டர் மழைக்கோட்டோடு உள்ளே வந்தார்.

“சார், மலைக்குக் கீழ வத்தலக்குண்டுல ஒரு கடை தொறக்கலைங்க. எல்லாம் ஷட்டர எறக்கிக் கெடக்கு. மூலைக்கு மூலை ஆளுக கூடி நிக்கிறாங்க. யாரோ பெரிய ஆள் போயிட்டாரு போலன்னு பஸ்ல பேச்சு.”

ஹாலில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே நினைப்பு.

டைப்பிஸ்ட் ஸ்டெல்லாதான் முதலில் பேசினாள். மிஷன் பள்ளியில் படித்த பெண். “சார், ஃபங்ஷன் இருக்கா, கேன்சலா? கேசரிக்குச் சீனி போடவான்னு கேக்குறாங்க.”

“ரெண்டுமில்ல. கொஞ்சம் பொறு” என்றார் சார்.

“சீனியப் போட்டுட்டா கேசரி சார். போடலேன்னா வெறும் ரவை. பொறுக்காது.”

“அடுப்பு வெறக வெளிய இழுத்து வைக்கச் சொல்லு.”

பிறகு என்னைக் கூப்பிட்டார். “மாலையக் கையில எடுத்து வச்சிக்க. நான் சொல்றப்ப போடு.” யார் கழுத்தில், அல்லது எதன் மேல் என்று சொல்லவில்லை.

நான் மாலையைப் பிடித்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மார்க்கெட் ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். ஒருவர், “ஒரு வாரமா ஆஸ்பத்திரி. எழுவது வயசு. இன்னும் என்னய்யா சந்தேகம்?” என்றார். இன்னொருவர், “சேதி வராம எப்படிய்யா முடிவு பண்றது?” என்றார். “கம்பி அறுந்து கெடக்கு, சேதி என்ன பறந்தா வரும்?”

பெரியகருப்பன் தாரை இறக்கிவைக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “சாகமாட்டாருய்யா. எங்க ரோட்டப் போடாம எப்படிச் சாவாரு? குடுத்த வாக்கு பிடிச்சு நிறுத்தாதா?”

“அப்ப அவரு இன்னும் நூறு வருசம் கெடக்கணும்யா” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சில பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தது தப்போ என்று உடனே நிறுத்தினார்கள்.

கீழ்த் தட்டா மேல் தட்டா என்று எனக்கும் தெரியவில்லை. அவர் இருந்து, நான் மாலை போட்டால் சாபம். அவர் போய், நான் போடாமல் நின்றால் மரியாதைக் கேடு. எப்படி ஆனாலும் பெராது என் மேல்தான் வரும் என்பது மட்டும் தெரிந்தது. “சார், போடவாங்க?” என்று ஒரு தரம் கேட்டேன். “பொறு” என்றார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்டேன். அதற்குள் மாலையின் பூ என் கைச் சூட்டில் வாடத் தொடங்கிவிட்டது. பொறு என்று கையை மட்டும் அசைத்தார்.

மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மா ஒருத்தி சட்டென்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். ஹால் சாவு வீடாக மாறிவிட்டது. பிள்ளைகளும் என்னவென்று தெரியாமல் அழுதார்கள்.

“ஏத்தா, கையில மாலைய வச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறியே!” என்று கீரைக்கார அம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள். “அந்தப் புண்ணியவானுக்குப் போட்டாத்தான் என்ன? கைய முறிச்சா வச்சிருக்கு?”

“போடும்மா! போடு!” என்று நாலு பக்கமும் சத்தம்.

மூன்றாவது தரம் கேட்டேன். “சார், போடவாங்க?”

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

“ஏழு வருசமா செய்ற. உனக்குத் தெரியாததா?”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் இல்லை.

இந்தப் பேச்சைத்தான் நான் அன்றிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். போடு என்று சொன்னாரா? போடாதே என்று சொன்னாரா? நீயே பார்த்துக்கொள், என்னை இழுக்காதே என்று சொன்னாரா? அல்லது அவருக்கும் ஒன்றும் தெரியாமல், ஏழு வருஷம் அனுபவப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாளே என்று நிஜமாகவே என்னை நம்பினாரா? சாரின் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முதுகைத்தான் பார்த்தேன்.

போட்டேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், மாலையைச் சாத்தினேன், விளக்கை ஏற்றினேன், ஊதுபத்தி கொளுத்தினேன். வரிசை மாறவில்லை.

சார் முன்னால் வந்து, தாழ்ந்த குரலில், “ஐயா அவர்கள்…” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் போகவில்லை. வாசலில் கார் ஹாரன் கேட்டது.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு பக்கம் டிரைவரும் ஒரு பக்கம் சௌந்தரபாண்டியும் பிடித்துக்கொள்ள, ரோட்டையா உள்ளே வந்தார். நாலு எட்டு வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். எதிரே நாற்காலியில் அவர் படம், நெற்றியில் பொட்டு, மாலை, முன்னால் விளக்கு எரிகிறது.

கீரைக்கார அம்மா அழுகையைப் பாதியில் விழுங்கினாள். அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

“எவன்டா போட்டது?” என்று சௌந்தரபாண்டி கத்தினார். “உசிரோட இருக்கிற மனுசனுக்கு எவன்டா வெளக்குப் போட்டது?”

யாரோ வத்தலக்குண்டுக் கடைகளைப் பற்றி முணுமுணுத்தார்கள். டிரைவர், “அதுங்களா? கடைக்காரங்களுக்கும் லாரிக்காரங்களுக்கும் சண்டைங்க. அதுக்குக் கடையடைப்பு” என்றார்.

ஐயா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். குரல் கரகரத்தது. “யாரு போட்டதுன்னுதான் கேக்குறேன்.”

சாரின் வாய் திறந்தது, மூடியது. எல்லோருடைய கண்ணும் என் மேல் வந்து நின்றது. நான் சொன்னேன்.

“நாந்தாங்கய்யா.”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுக்கச் சொல்லி உட்கார்ந்தார்.

“பாதியில நிக்குதா? நடத்துங்க. யாரு பேசிட்டிருந்தது?”

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள்.

“பேசுங்கய்யா. செத்தப்பறம் நான் எங்கிட்டு வந்து கேக்குறது? ஒரு தரம் கேட்டுக்கிறேன்.”

மார்க்கெட் ஆள் ஒருவர் எழுந்து ஐயாவைப் போல உண்டா என்று நாலு வார்த்தை சொல்லி, வேர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். சௌந்தரபாண்டி, “போதும் மாமா, வாங்க போவம்” என்று தோளைத் தொட்டார். ஐயா அசையவில்லை. அப்போதுதான் பெரியகருப்பன் வாழைத்தாரைத் தோளிலிருந்து இறக்கினார்.

“ஐயா கேக்குறதால சொல்றேன். போன வருசம் எம் மருமகளுக்கு வலி கண்டுருச்சு. கம்பளியில கட்டி, கம்பு குடுத்து, நாலு பேரு தூக்கிட்டு ஏறுனோம். பாதி மலையில ஒரு வளைவு இருக்கு. அங்கனயே தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. இன்னைக்கு இந்தத் தாரத் தூக்கிட்டு வாரப்பவும் அங்கன நின்னுட்டுத்தான் வந்தேன். ஊரெல்லாம் உங்கள ரோட்டையாங்குது. எங்க ஊருல அப்படிச் சொல்லமாட்டாங்கய்யா. அவ்வளவுதான்.”

அவர் தாரை வழக்கம்போல ஐயா காலடியில் வைத்தார். இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. ‘வருதுய்யா’ என்று ஐயாவும் சொல்லவில்லை. “சரி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம், “சரி” என்றார்.

பிறகு எழுந்து படத்துக்குப் பக்கத்தில் வந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“இவனுக்குப் பொட்டு நல்லாத்தான் இருக்கு” என்றார், படத்தைப் பார்த்து. நான் கை நீட்டி விளக்கை எடுக்கப் போனேன். “வேணாம். நீ அணைச்சா அது வேற சகுனம்னு இவங்க ஆடுவாங்க. எண்ணெய் தீர்ற வரைக்கும் எரியட்டும்.” சாரின் பக்கம் திரும்பி, “பிள்ளைக நிக்குது பாருங்க. நோட்டக் குடுத்து வெரசா அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோபமா, வருத்தமா, தமாஷா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லா என் காதில், “கேசரிக்குச் சீனி போடச் சொல்லவாக்கா?” என்று கேட்டாள். அதுவும் தெரியவில்லை.

பத்து நாளில் மேலிடத்திலிருந்து எனக்கு மெமோ வந்தது. சௌந்தரபாண்டி பெராது எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘உயிருடன் உள்ள பெரியவரின் படத்துக்கு யாருடைய உத்தரவின்பேரில் மாலை அணிவிக்கப்பட்டது’ என்று விளக்கம் கேட்டிருந்தது. சார் அதை மேசை ஓரத்துக்குத் தள்ளினார், பீரோச் சாவியைத் தள்ளுவது மாதிரி.

“நடந்தத எழுது. உங் கையால எழுது. ரெண்டு நாள்ல குடு.”

என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தால் அப்படியே எழுதியிருப்பேன். அதையும் சொல்லவில்லை.

ஸ்டெல்லா சொன்னாள்: “சார் சொல்லித்தான் போட்டேன்னு எழுதுங்கக்கா. நான் சாட்சி சொல்றேன். அவருக்கு என்ன, ஒரு வார்னிங்கோட போயிரும். உங்களுக்கு வேலையே போயிரும்.”

வீட்டுக்காரர் இருமிக்கொண்டே சொன்னார்: “தொரைய மாட்டிவிட்டா தோட்டத்துல மறுநாள் பேரு கூப்பிடுற பிரட்டுலயே நம்ம பேர வெட்டிருவான். இங்க மட்டும் வேறயா? எல்லாம் எந் தப்புன்னு எழுது, புள்ள. காலுல விழு.”

இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. இரண்டும் பொய்யாகவும் பட்டது. சார் போடு என்று சொல்லவில்லை. நானாகவும் போடவில்லை. சின்ன மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து இப்படி எழுதினேன்:

‘ஐயா, மாலை என் கையில் இருந்தது. ஐயா இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எல்லோரும் போடு என்று அழுதார்கள். மூன்று தரம் கேட்டேன். பிறகு போட்டேன். படத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இப்படிக்கு, பாக்கியம், தினக்கூலி.’

சார் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவு நேரம் துடைத்து நான் பார்த்தது இல்லை.

“மூணு தரம் கேட்டேன்னு எழுதியிருக்க. யார்ட்டன்னு எழுதல. நான் என்ன சொன்னேன்னும் எழுதல.”

“நீங்க சொன்னது எனக்கு வெளங்கலீங்க சார். வெளங்காதத எப்படிங்க எழுதுறது?”

அவரிடம் நான் பேசின பேச்சிலேயே நீளமானது அதுதான். கண்ணாடியை மாட்டினார். “போ” என்றார்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. தினமும் காலையில் ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போது இன்றைக்குத்தான் கடைசி என்று நினைத்துக்கொண்டே திறப்பேன். பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கு ஆர்டர் வந்தது. எனக்கு வரவில்லை. தை பிறந்து பத்து நாள் கழித்து எனக்கும் வந்தது. சார் அதை நீட்டும்போதும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “கையெழுத்துப் போட்டு வாங்கிக்க” என்றார். மெமோ என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறு வருஷம் ஐயா பிறந்தநாளுக்கு வந்தார். தாம்பாளத்தோடு நின்ற என்னைப் பார்த்து, “என்னம்மா, இந்த வருசம் எங்கிட்டுப் போடப்போற, அங்கயா இங்கயா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பெரியகருப்பன் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. அடுத்த வருஷம் ஐயா மெய்யாகவே காலமானார். சார் சாவியைத் தள்ளினார், நான் படத்தை மேலே ஏற்றினேன். பிறகு சார் மலையை விட்டுக் கீழ்நாட்டுக்கு மாற்றலாகிப் போனார். சில வருஷத்தில் அவரும் தவறிவிட்டதாகச் சேதி வந்தது. அவர் படம் எங்கள் பீரோவில் எந்தத் தட்டிலும் கிடையாது.

நான் ஓய்வு பெறுகிற மாதம், பென்ஷனுக்காக என் சொந்தக் கோப்பைக் கிளார்க் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். “தேதி எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். நான் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். அந்த ஐப்பசி மாதத்துக்கு வந்தபோது மெமோவைக் காணவில்லை. சௌந்தரபாண்டி எழுதினதும் இல்லை. என் நோட்டுத் தாளும் இல்லை. மூலையில் சிவப்பு மையில் போட்ட பக்க எண் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்துக்குத் தாண்டியது.

கிழித்த தடம் இல்லை. எங்கள் ஆபீசில் கோப்புகளைக் கோணி ஊசியால் தைத்ததெல்லாம் நான்தான். என் தையலில் முடிச்சு முதுகுப் பக்கம் போய்விடும், நூல் நுனி வெளியே தெரியாது. இதில் நூலை அறுத்து, தாள்களை உருவிவிட்டு, யாரோ திரும்பத் தைத்திருந்தார்கள். ஓட்டை நேராக விழவில்லை. முடிச்சு முன்பக்கமே துருத்திக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. அவிழ்ந்துவிடுமோ என்று பயந்த ஆள் போட்டது மாதிரி. ஓரத்தில் பழுப்பாக ஒரு பொட்டு, ஊசி குத்தின விரல் பட்டது போல.

யார்? சார் ஊசியைக் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஸ்டெல்லா நன்றாகத் தைப்பாள், இப்படிக் கோணல் வராது. ஐயா சொல்லி வேறு யாராவது வந்து உருவினார்களா? சார் என்றால், தன் பேர் வந்துவிடக் கூடாது என்று உருவினாரா, என் பேர் கெட்டுவிடக் கூடாது என்று உருவினாரா? என் தாளில்தான் அவர் பேரே இல்லையே. நான் அந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் பாதியில் வழி மறைந்துவிட்டது.

இந்தக் கோப்பு இனிமேல் மேலிடத்துக்குப் போகும். அங்கே பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது இந்த முடிச்சாகத்தான் இருக்கும்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து கோணி ஊசியும் நூலும் எடுத்து வந்தேன். கோணல் தையலை அறுத்தேன். தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து, புதிதாக ஓட்டை போட்டு, என் முறைப்படி தைத்து, முடிச்சை முதுகுப் பக்கம் தள்ளி நுனியை உள்ளே செருகினேன்.

கிளார்க் திரும்பி வந்தார். “எல்லாம் சரியா இருக்காம்மா?”

“இருக்குங்க” என்று சொல்லிக் கோப்பை அவர் கையில் கொடுத்தேன்.